டிக்கெட் வாங்கியது பார்ப்பதற்கு, எழுப்புவதற்கு இல்லை

தாய்லாந்தின் குள்ள நீர்யானைக் குட்டி மூ டெங்கின் வீடியோவுக்குக் கீழே சிரிப்பு ஸ்மைலி போடுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். 2024-இல் அது நடந்தபோது தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மாதக் குட்டி அது. எழுந்து குதித்தால்தான் படம் நன்றாக வருமாம். அதற்காகப் பார்க்க வந்தவர்கள் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், சிப்பியை விட்டெறிந்திருக்கிறார்கள். அது இருக்கும் காவோ கியோ மிருகக்காட்சிசாலையில் அப்போது கேமரா மாட்டி, சனி ஞாயிறு வந்தால் ஐந்து நிமிடத்தில் ஆட்களை நகர்த்த வேண்டியதாகிவிட்டது.

குள்ள நீர்யானை ராத்திரியில் நடமாடும் பிராணி. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் பகலெல்லாம் நீரோடை ஓரமாக ஒளிந்துகிடக்கும், இருட்டிய பிறகுதான் மேய வரும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும். கோலாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "எல்லாம் தூங்குது, காசு வேஸ்ட்" என்று ரிவ்யூ எழுதுகிறீர்களே, உங்களைக் கண்டதும் எழுந்து வணக்கம் வைக்க வேண்டுமா?

ஒருமுறை புலிக்கூண்டின் கண்ணாடியை ஒருவர் மோதிர விரலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, தட்டாதீங்க, தூங்குது" என்றேன். "காசு குடுத்துதாங்க உள்ள வந்திருக்கோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தோளில் இருந்த குழந்தை புலியின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் புலி எழ வேண்டிய தேவையே இல்லை. கூட வந்த நண்பன் என் கையைப் பிடித்து இழுத்து, "உனக்கு எதுக்கு வம்பு" என்றான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"மிருகக்காட்சிசாலையே சிறைதானே, தண்ணீர் ஊற்றினால் மட்டும் என்ன" என்று ஒரு கூட்டம் வரும். சரி, பேசுவோம். அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-இல் காட்டில் அடியோடு அழிந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையிலும் வேறு சில இடங்களிலும் வைத்துப் பெருக்கிய மந்தைகள் இருந்ததால்தான் 1982-இல் ஓமன் பாலைவனத்துக்குத் திரும்ப முடிந்தது. குள்ள நீர்யானையும் காட்டில் 2,500-க்குக் குறைவாகத்தான் இருப்பதாகக் கணக்கு. எல்லாப் பூங்காவும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை, மோசமானவை நிறையவே உண்டு. ஆனால் சிறை என்றே வைத்துக்கொண்டாலும், கைதியைக் கல்லால் அடிக்கலாம் என்று எந்த ஊர் நியாயம் சொல்கிறது? 2017-இல் துனிசியாவின் துனிஸ் நகர மிருகக்காட்சிசாலையில் பார்வையாளர்கள் கல்லெறிந்தே ஒரு முதலையைக் கொன்றார்கள்.

"சின்னப் பசங்க விளையாட்டு" என்பவர்களுக்கு: கூட வந்த பெரியவர் எதற்கு?

டிக்கெட் வாங்கியது பார்ப்பதற்கு. அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

"மனுஷனுக்கே இங்க மதிப்பில்ல, இவர் நீர்யானைக்கு அழுறார்" என்று நேற்று கமெண்ட் போட்டவர் யாரோ இல்லை, பல வருடமாகத் தெரிந்தவர். மனுஷனுக்காக எழுதிய பதிவுகளில் அவரை நான் பார்த்ததே இல்லை. மத்தியானம் ஒரு கண் அசரும்போது காலிங் பெல் அடித்துவிட்டால் அவர் போடும் கூச்சலை நேரிலேயே கேட்டிருக்கிறேன். கமெண்டை நான் அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். பெயரையும் டேக் செய்யவில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.