மேல்வீட்டு நாற்காலி

வேலூர் சத்துவாச்சாரியில் மே மாத மத்தியான வெக்கையில் கண் அசருவதே பெரும்பாடு. அசந்தால் போதும், மேல்வீட்டில் இரும்பு நாற்காலியை இழுப்பார்கள். கர்ர்ர்ர்... பல் கூசுகிறது. அடுத்து எவர்சில்வர் சொம்பு ஒன்று ணங்கென்று விழும்.

ஜன்னலைச் சாத்தினாலும் அடங்காத சத்தம் இது. காற்று வழியாக மட்டும் வந்தால்தானே அடங்கும்? நாற்காலிக் கால் டைல்ஸில் ஒட்டுகிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. நொடிக்குள் பல நூறு முறை. அந்த அதிர்வு நேராகத் தளத்துக்குள் இறங்குகிறது. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கான்கிரீட்டில் 3000 மீட்டருக்கு மேல் ஓடும். என் கூரை முழுக்க ஒலிபெருக்கிதான்.

சொம்பு இன்னும் கொடுமை. கெட்டியான இரண்டு பொருட்கள் மோதினால் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. அது குறையக் குறைய, காதைக் குத்தும் உயர் அதிர்வெண்கள் கூடும். இந்தத் தொடுகைக்கு ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1882-லேயே கணக்குப் போட்டுவிட்டார். நடுவே கொஞ்சம் ரப்பர் இருந்தால் அந்த நேரம் நீளும், கூர்மை போய்விடும்.

நாலு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டுங்கள் என்று எத்தனை தடவைதான் கேட்பது? ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. “சரிண்ணா, மாட்டிடறோம்” என்கிறார்கள். இன்றைக்கும் இழுத்தார்கள்.