தூக்கினால் கெட்டுப்போகுமா?

"சும்மா சும்மா தூக்காதடி, கைச்சூடு பழகிடும்." மயிலாப்பூரோ வியாசர்பாடியோ, பிள்ளை பெற்ற வீட்டில் இதைக் கேட்காத நாளில்லை. மூணு வயசில் அதே பிள்ளை கடையில் தரையில் புரண்டால், "துளிகூட பொறுமையில்லை" என்பதும் அதே வாய்தான்.

பச்சைக்குழந்தை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளாது. அதற்கான மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. முதிர இருபது வயசு தாண்டும். அதனால் முதலில் நம்மிடம்தான் அமைதியைக் கடன் வாங்குகிறது. தோளில் போட்டுத் தட்டத் தட்ட அழுகை இறங்குகிறதே, அப்படி நூற்றுக்கணக்கான முறை இறங்கிப் பழகித்தான் தானாக இறங்கக் கற்கிறது. அழுகைக்குச் சீக்கிரம் ஓடிவந்த தாய்மாரின் குழந்தைகள் முதல் வருஷக் கடைசியில் குறைவாக அழுதன என்று 1972-ல் பெல், ஐன்ஸ்வர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். அவர்கள் கணக்கிட்ட முறையில் குறை கண்டவர்களும் உண்டு.

சாயங்கால அழுகைக்கு முதலில் பசி, ஈரம், புழுக்கம் பாருங்கள். கத்திரி வெயிலில் குல்லா போட்டுச் சுற்றினால் எந்தக் குழந்தைதான் அழாது! பிறகு டிவியை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, நெஞ்சோடு அணைத்து, தணிந்த குரலில் ஒரே பாட்டு. பலரும் தவறுவது இங்கேதான்: இரண்டு நிமிஷத்துக்குள் கிலுகிலுப்பை, பால்கனி, போன், மறுபடி தூளி. எதுவும் வேலை செய்ய நேரமே இல்லை. உங்களுக்கே படபடப்பு ஏறினால் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் பத்து நிமிஷம் தள்ளிப் போங்கள். கோபத்தில் குலுக்கவே கூடாது, மூளையில் ரத்தம் கசியும். மூணு மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் தாலாட்டு வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது நம்பிக்கை. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், பெரியவர் அதற்கு முன்னால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால், 'பொறுத்தால் இன்னொரு இனிப்பு' என்றதை நம்பிக் குழந்தைகள் சராசரியாய் 12 நிமிஷம் காத்திருந்தன. ஏமாற்றியிருந்தால் 3 நிமிஷம்தான். ஏமாந்த குழந்தை ஏன் காத்திருக்கணும்?

நம் வீடுகளில் காலை எட்டரைக்கு நடப்பதைப் பாருங்கள். பாட்டி பால்கனியில் காக்கா காட்டுவார், அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவுவார். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. மறுநாள் முதல் காக்கா என்றாலே முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் டாட்டா சொல்லிவிட்டே கிளம்புங்கள். அழும், பாட்டி தூக்கிக்கொள்ளட்டும். ஆறு மணி என்றால் அதற்குப் புரியாது. "விளக்கு ஏத்தறப்ப வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். ஓஎம்ஆர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் அதையும் போன் போட்டுச் சொல்லுங்கள்.