சி.வி.ரி. கியர்பொக்ஸும் 'ஆயுட்கால' ஒயிலும்

ஜப்பானில் ஓடிய கார்களை இங்கே வாங்கும்போது விற்பவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "கியர்பொக்ஸ் ஒயிலைத் தொடவே தேவையில்லை, அது ஆயுட்கால ஒயில்." யாருடைய ஆயுட்காலம் என்று நாங்கள் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. 2 ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் திரும்பும் வழியில், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் காரை எடுத்தபோது, வேகம் 20 கிலோமீற்றரைத் தாண்டும் இடத்தில், வரிசையாகக் கிடத்திய பனங்குற்றிகளின் மேல் ஏறி இறங்குவதைப் போல வண்டி உதறியது. கிளிநொச்சி வரை, நின்று எடுத்த ஒவ்வொரு தடவையும் அதே உதறல்.

மறுநாள் கராஜில் ஒயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார்கள். அதன் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பே இருக்கவில்லை. வடிந்தது பிளேன் ரீயைவிடக் கறுப்பாக இருந்தது; தட்டின் அடியில் இருந்த காந்தங்களில் சாம்பல் நிறத்தில், விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குச் சாந்து போல இரும்புத் தூள் அப்பியிருந்தது. "அண்ணை, இவ்வளவு காலமும் இதை ஒருத்தரும் கழற்றேல்லை" என்றார் மெக்கானிக் தம்பி. அப்போது மீற்றர் 90,000 கிலோமீற்றரைக் கடந்திருந்தது.

எங்களில் பலர், எனது காரில் இருப்பதைப் போன்ற சி.வி.ரி.யையும் (படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாகக் கியர் மாற்றும் கியர்பொக்ஸ்) வழமையான ஓட்டோ கியரையும் ஒன்றாகவே நினைக்கிறோம். சி.வி.ரி.யில் வேகத்தை மாற்றும் பற்சக்கர அடுக்குகள் இல்லை. இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஓடும் ஓர் உலோகப் பெல்ட்டும்தான் அதன் உயிர். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே வைத்த இரு கூம்புகளால் ஆனது. கூம்புகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் நடுவை நோக்கி இறங்கும், இந்த ஏற்ற இறக்கமே கியர் மாற்றம். 1958இல் நெதர்லாந்தில் வெளிவந்த டஃப் 600 காரில் ரப்பர் பெல்ட்டுகள் இருந்தன. (அந்தக் கார்கள் முன்னோக்கி ஓடும் அதே வேகத்தில் பின்னோக்கியும் ஓடக்கூடியவை என்பதால், பின்பக்கமாக ஓட்டும் பந்தயங்களையே அந்நாட்டவர் நடத்தினார்கள்.) 1987இல் சுபாரு ஜஸ்ரியில் வந்த உலோகப் பெல்ட் வேறு வகை, நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் கோத்த அந்தப் பெல்ட் கப்பியை இழுப்பதில்லை, ஒரு துண்டு அடுத்த துண்டைத் தள்ளித் தள்ளியே விசையைக் கடத்துகிறது.

எஃகும் எஃகும் தொடும் அந்த இடத்தில்தான் ஒயிலின் வேலை தலைகீழாகிறது. என்ஜினில் ஒயில் இருப்பது பாகங்கள் வழுக்கி ஓடுவதற்கு. இங்கோ, கப்பிக்கும் பெல்ட்டுக்கும் இடையே தேய்மானம் வராமல் காக்க வேண்டிய அதே மெல்லிய படலம், பெல்ட் வழுக்காமல் பிடித்துக்கொள்ளவும் உதவ வேண்டும். கூம்புகளை நெருக்கும் அழுத்தத்தைச் சுமப்பதும், உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே. சாதாரண ஓட்டோ கியருக்கான ஏ.ரி.எஃப். ஒயில் கிளச் தட்டுகளை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டது என்பதால், அதை இதற்குள் ஊற்றினால் பெல்ட்டின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் கூம்பின் பளபளப்பான முகத்தில் கோடு விழும். கோடு விழுந்த கப்பியை எந்த ஒயிலும் மீட்டுத் தராது.

எனவே ஒயில் போத்தலில் 'சி.வி.ரி.' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. நிசானுக்கு என்.எஸ்.-2, என்.எஸ்.-3, ஹொண்டாவுக்கு எச்.சி.எஃப்.-2 என்று உற்பத்தியாளர்கள் தனித்தனி வகை சொல்வதை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ஒயிலை என் காருக்கு நான் ஊற்ற மாட்டேன்.

இனி, எப்போது மாற்றுவது? எங்கள் வெயிலும், கொழும்பு நெரிசலும், கம்பளையில் இருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளும் கையேடுகள் 'கடுமையான பாவனை' என்று பிரித்துச் சொல்லும் வகைக்குள்ளேயே அடங்கும். அத்துடன், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்றிருந்த கார்களை நாங்கள் ஆண்டுக்கணக்கில் வைத்து ஓட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் நிசான் நிறுவனமே 2003 முதல் 2010 வரையான தனது சி.வி.ரி. மாடல்களுக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டுகள் அல்லது 1,20,000 மைல் என இரட்டிப்பாக்க நேர்ந்தது. 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என்பதே என் முடிவு. கையேடு அதற்கும் முன்னதாகச் சொன்னால் அதன்படி.

வடித்து ஊற்றும்போது பழைய ஒயில் முழுவதும் வெளியே வராது. ஏறக்குறைய பாதி, என்ஜினின் விசையைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் ரோர்க் கன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே எனது காருக்கு, இடையில் சில நூறு கிலோமீற்றர் ஓடவிட்டு, 3 தடவை மாற்றினோம். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவித் தருகிறோம் என்றவர்களுக்கு நான் சம்மதிக்கவில்லை. பல ஆண்டுகளாகப் படிந்த தூளைக் கிளப்பி வால்வுக்குள் அனுப்புவானேன்? ஒயில் மட்டத்தையும், மாடலுக்குக் குறித்த வெப்பநிலையில், சமதரையில் பார்க்க வேண்டும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

ஓட்டும் முறையில் நான் மாற்றிக்கொண்டவை சிலவே. பின்னால் எடுத்த வண்டி முழுதாக நின்ற பிறகே டி-க்குப் போடுகிறேன். நின்ற இடத்தில் இருந்து சீறிப் பாய்வதில்லை. பெல்ட்டுக்கு அதிகச் சுமை அப்போதுதான், அதனால்தான் 2018இல் ரொயோட்டா தனது புதிய சி.வி.ரி.யில் புறப்படுவதற்கென்றே ஒரு பற்சக்கரத்தைத் தனியாகச் சேர்த்தது. மாரியில் சேற்றில் புதைந்தால் அக்சிலேற்றரை மிதித்துச் சில்லைச் சுழற்றாமல் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுகிறேன். சுழலும் சில்லு திடீரென்று தரையைப் பிடிக்கும் கணத்தின் அதிர்ச்சி முழுவதும் பெல்ட்டுக்கே போகும். வண்டி நின்றுவிட்டால் முன்சில்லுகளைத் தூக்கியே இழுக்கச் சொல்லுங்கள்.

அக்குவா, பிரியஸ் போன்ற ரொயோட்டா ஹைபிரிட் கார்களை வைத்திருப்பவர்கள் இதை வாசித்துப் பதற வேண்டாம். அவற்றையும் சி.வி.ரி. என்றே அழைத்தாலும் உள்ளே பெல்ட் இல்லை, பற்சக்கரமும் மோட்டாரும்தான்.

எனது காரின் உதறல் இரண்டாவது மாற்றத்துடன் நின்றது. பிந்தியிருந்தால் நின்றிருக்காது என்று தம்பி சொன்னார், நான் நம்புகிறேன். திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு துண்டில் எழுதிப் பொனற்றின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் காரைப் பார்க்க வந்த ஒருவர், சீற்றையும் ஏசியையும் பார்த்துவிட்டு, அந்தத் துண்டைக் கவனிக்காமலே பொனற்றை மூடினார், பிறகு என்னிடம் கேட்டார், "கியர்பொக்ஸ் ஒயில் ஆயுட்கால ஒயில்தானே?"