டிரம்மர் யாரா இருந்தா என்னவாம்!

"மச்சான், பாட ஓஸி இருக்காரு, கிட்டாருக்கு அயோமி இருக்காரு. பின்னாடி உட்காந்து தட்டுறவன் யாரா இருந்தா உனக்கென்னடா?"

2012-லேருந்து இதக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. டீக்கடையில, ஆபீஸ் கேண்டீன்ல, கல்யாண வீட்டுப் பந்தியில கூட ஒருத்தன் கேட்டான். எல்லாரும் பிளாக் சபாத்ங்கற இங்கிலாந்து ஹெவி மெட்டல் ராக் பேண்டோட பனியன் போட்டவனுங்க. ஒருத்தனுக்கும் அந்த பேண்டோட டிரம்மர் பில் வார்டுன்னா யாருன்னு தெரியாது.

கல்யாண வீட்டுல போய், "நாதஸ்வரம் மட்டும் பெரிய வித்வானா வரட்டும், தவிலுக்கு யாரையாவது உட்கார வெச்சுக்கலாம்"னு சொல்லிப் பாருங்க. அந்த வித்வானே வாத்தியத்த உறையில போட்டுட்டு எழுந்து போயிடுவாரு. மெட்டல்னா மட்டும் நம்ம ஆளுங்களுக்கு டிரம்ஸ் சும்மா சத்தம்!

நடந்தத மொதல்லேருந்து சொல்றேன், இல்லேன்னா எனக்கு ஆறாது. 2011 நவம்பர் 11. லாஸ் ஏஞ்சலஸ்ல விஸ்கி எ கோ கோன்னு ஒரு பழைய கிளப்பு. ஓஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, பேஸ் கிட்டார் வாசிக்கிற கீஸர் பட்லர், பில் வார்ட் நாலு பேரும் வரிசையா உட்காந்து, நாங்க திரும்பச் சேர்றோம், ஆல்பம் வருது, ஊர் ஊராப் போறோம்னு அறிவிச்சாங்க. 1968-ல பர்மிங்காம்ல ஆரம்பிச்ச அதே நாலு பேர். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

மூணு மாசம் தாங்கல. அடுத்த பிப்ரவரியில பில் வார்ட் ஒரு அறிக்கை விட்டாரு. குடுத்த ஒப்பந்தம் கையெழுத்துப் போடுற மாதிரியே இல்ல, மொதல்லேருந்து கூட இருந்தவனுக்கு உண்டான மரியாதை அதுல இல்லன்னாரு. மத்த மூணு பேரும் வேற ஆள வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. போஸ்டர்ல மட்டும் பிளாக் சபாத்! நாலு காலு கட்டில்ல ஒரு காலக் கழட்டி, அந்த எடத்துல செங்கல்ல அடுக்கிட்டு "அதே கட்டில்தான் சார், ஆடாது"ன்னா ஒத்துக்குவீங்களா?

செங்கல்ல நான் குத்தம் சொல்லல. மேடைக்கு வந்த டாமி க்ளுஃபெடோஸ் கெட்டிக்கார வாசிப்பாளர். 2013-ல வந்த '13' ஆல்பத்துக்கு வாசிச்ச பிராட் வில்க் இன்னும் பெரிய ஆள். ஆனா ரெண்டு பேரும் ராக்காரனுங்க மாதிரி நேரா அடிக்கிறாங்க. பில் வார்ட் அப்படி இல்லய்யா! ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச்னு பழைய ஜாஸ் டிரம்மருங்களக் கேட்டு வளர்ந்தவரு. தாளத்தக் கோடு போட்ட மாதிரி இழுக்க மாட்டாரு. கிட்டார் ஒரு வார்த்தை சொன்னா இவரு பதிலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவாரு.

நம்பலைன்னா மொத ஆல்பத்தோட மொதப் பாட்ட ஹெட்போன்ல போடுங்க. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்த ஆல்பம், ஏறக்குறைய ஒரே நாள்ல பதிவு பண்ணது. மழை, தூரத்துல கோயில் மணி, அப்புறம் அயோமியோட மூணே மூணு ஸ்வரம். அது கொஞ்ச நேரத்துல அடங்கி ஓஸி பாட ஆரம்பிக்கும்போது கிட்டார விடுங்க, பின்னாடி கேளுங்க. டாம்-டாம்ங்கற கனத்த டிரம்ல ஒரு உருட்டல் வருதே, மழை வர்றதுக்கு முன்னாடி வானம் உருமுற மாதிரி, அதுதான் பில் வார்ட். அது இல்லன்னா அந்த மூணு ஸ்வரம் வெறும் மூணு ஸ்வரம்தான். அந்தக் காலத்துப் பாட்டுகள்ல எழுதினவங்கன்னு நாலு பேர் பேரையுமே போட்டிருப்பாங்க. சும்மா போடுவாங்களா?

"அவருக்கு உடம்பு முடியல, அதான் விட்டுட்டாங்க"ம்பானுங்க. சரி, 1998-ல அவருக்கு மாரடைப்பு வந்தது நெசம். அவரு எடத்துல வின்னி அப்பீஸ் வாசிச்சாரு. அப்ப அது நியாயம். 2012-ல? அந்த ஜனவரியிலதான் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய்னு தெரிய வந்தது. அவரோட சிகிச்சைக்கு ஏத்த மாதிரி கச்சேரித் தேதிய எல்லாம் வளைச்சாங்க, மாத்தினாங்க, இடைவெளி விட்டாங்க. ரொம்ப சரி, அப்படித்தான் செய்யணும். பதினேழு வயசுல தகரப் பட்டறை மெஷின்ல ரெண்டு விரல் நுனி போயும், பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்ச மனுஷன். அவருக்காக உலகமே காத்திருக்கலாம். அந்தப் பொறுமையில கால்வாசிய நாப்பது வருஷத்துக்கு மேல கூட இருந்த கூட்டாளிக்குக் காட்டினா என்ன கொறஞ்சா போயிடும்? பாதி நிகழ்ச்சிக்கு இவரு, பாதிக்கு வேற ஆளுன்னு வெச்சிருந்தாக் கூட நான் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டிருப்பேன்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, பிளாக் சபாத்ங்கற பேருக்கு யார் சொந்தக்காரன்னு இவங்களுக்குள்ளயே ஒரு வழக்கு ஓடியிருக்கு. 2009-ல ஓஸியே அயோமி மேல கேஸ் போட்டாரு, அடுத்த வருஷம் சமாதானம் ஆயிட்டாங்க. ரெண்டு பெரிய ஆளுங்க கோர்ட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பக் கட்டிப்பிடிச்சுக்கலாம், டிரம்மர் மட்டும் நீட்டின எடத்துல கையெழுத்துப் போடணும்!

'13' வந்தது, இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் ஆல்பம் விற்பனைப் பட்டியல்ல மொத எடம். அமெரிக்காவுல அவங்களுக்கு அதுதான் மொதத் தடவை. ஒடனே நம்ம கூட்டாளிங்க "பாத்தியா?"ன்னு மீசைய முறுக்குறானுங்க. டேய், பேருக்குக் கெடச்ச எடம்டா அது. நானும்தான் காசு குடுத்து வாங்கினேன், திட்டிக்கிட்டே. அப்புறம் ஒரு கடைசிச் சுற்றுப்பயணம், 2017 பிப்ரவரி 4, பர்மிங்காம், முடிஞ்சது கதைன்னு அறிவிச்சாங்க. சொந்த ஊர்ல கடைசி ராத்திரி, அங்கயும் பில் வார்ட் இல்ல. எழவு வீட்டுக்குச் சொந்தத் தம்பியக் கூப்பிடாம விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியில 2025 ஜூலை 5, திரும்பவும் ஒரே ஒரு விடைபெறும் கச்சேரி. பர்மிங்காம் வில்லா பார்க் மைதானம், அவங்க வளர்ந்த ஆஸ்டன் பக்கத்துலயே. இந்தத் தடவை பில் வார்ட் உண்டு. நாலு பேரும் ஒரே மேடையில நின்னு இருபது வருஷம் ஆயிருந்தது. இணையத்துல காசு கட்டி நானும் உட்காந்தேன். நேரலைன்னு பேரு, ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் விட்டாங்க. மெட்டாலிகா, ஸ்லேயர், டூல்னு மத்த மெட்டல் பேண்டுங்களோட ஒரு ஊர்வலமே போச்சு. சபாத் வர்றதுக்குள்ள இங்க விடியற நேரம். பக்கத்து வீட்டு அக்கா வாசல் தெளிக்கிற சத்தம் கேக்குது. நான் மூணாவது காப்பியோட உட்காந்திருக்கேன்.

ஓஸி சிம்மாசனம் மாதிரி ஒரு கறுப்பு நாற்காலியில. பார்கின்சன் நோய், எழுந்து நிக்க முடியல. உள்ளுக்குள்ள எழுந்திருக்கத் துடிக்கிறது முகத்துலயும் கையிலயும் தெரியுது. பின்னாடி பில் வார்ட், எழுபத்தேழு வயசு, சட்டை இல்லாம. 'வார் பிக்ஸ்' ஆரம்பம். ஓஸி ஒரு வரி பாடி முடிச்சதும் கிட்டாரும் பேஸும் ரெண்டு அடி அடிச்சிட்டு நிறுத்திடும், ஹை-ஹேட்ங்கற ஜோடித் தாளத் தட்டு மட்டும் 'ட்ஸ் ட்ஸ் ட்ஸ்'ன்னு போயிட்டே இருக்கும். அந்த எடத்துல ஒரு சின்னத் தள்ளாட்டம். வேகம் பழைய வேகம் இல்ல. ஆனா அந்தத் தள்ளாட்டம் அவருது! பதிமூணு வருஷமா வேற யார் வாசிச்சும் வராதது அதுதான். காப்பி ஆறிப்போச்சு.

நாலு பாட்டு. 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரநாய்ட்'. முடிஞ்சது. பதினேழாம் நாள், ஜூலை 22, ஓஸி போயிட்டாரு.

"கடைசியில சேந்துட்டாங்கள்ல, எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுடா"ன்னு ஒரே ஆறுதல் மழை. எது நல்லபடியா? 2012-ல இவங்க எல்லாம் அறுபத்து சொச்சம். ஓஸி மேடையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவாரு, முன்வரிசை மேல வாளி வாளியாத் தண்ணிய ஊத்துவாரு. நாலு பேரும் சேந்து முழுசா ஒரு ஆல்பம் போட்டிருக்கலாம். அத்தன வருஷத்தையும் ஒரு காகிதம் தின்னுட்டு, ஒருத்தரு எழுந்து நிக்கவே முடியாத நாள்ல நாலு பாட்டக் கையில குடுத்துட்டுப் போயிருக்கு. அந்த நாலு பாட்டுக்கு நான் அழுதேன், இல்லேங்கல. அதுக்காகக் கணக்கு நேராயிடுச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்லாதீங்க.

அன்னிக்கு விடியற்காலை நம்ம கேண்டீன் மச்சானும் பாத்துட்டுத்தான் இருந்திருக்கான். 'அயர்ன் மேன்' நடுவுல வாட்ஸப் வருது: "டேய், பின்னாடி சட்டை இல்லாம ஒரு பெருசு வாசிக்குதே, யாருடா அது? செமயா இருக்கு."

இன்னிக்கு வரைக்கும் நான் பதில் போடல.