பிஎம்சி வேலையும் கான்ட்ராக்டர் வேலையும் ஒன்றல்ல

"பெங்களூரில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்றால் எங்கே சேர்ந்தாலும் ஒரே வேலைதான், சம்பளத்தை மட்டும் பாருங்கள்" என்று கட்டுமான வேலை தேடி ஊரிலிருந்து வரும் தம்பி ஒருவருக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தவறு.

கான்ட்ராக்டரிடம் இருப்பவர் ஆள், பொருள், சப்-கான்ட்ராக்டர் எல்லாம் திரட்டிக் கட்டடத்தைக் கட்டி முடிப்பவர். பிஎம்சியில், அதாவது உரிமையாளர் அமர்த்தும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆலோசனை நிறுவனத்தில், அதே பதவிப் பெயரோடு இருப்பவர் உரிமையாளரின் சார்பில் நிற்பவர். தரம், கால அட்டவணை பார்ப்பார், அளவைச் சரிபார்த்த பிறகுதான் கான்ட்ராக்டரின் பில்லைப் பரிந்துரைப்பார். ஒருவர் கேட்கும் தொகையை மற்றவர் வெட்டுகிறார். இது எப்படி ஒரே வேலையாகும்?

தம்பி, சேரும் கம்பெனி யாருக்காக வேலை செய்கிறது, நீங்கள் எதில் கையெழுத்துப் போடுவீர்கள் என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். புதிதாக வருபவருக்குக் கான்ட்ராக்டர் பக்கம்தான் நல்லது என்பேன். கம்பி கட்டுவதும் கான்கிரீட் போடுவதும் அங்கேதான் கைக்கு வரும்.