மூன்று பெருக்கல் குறி

போன கோடையில் கோவில்பட்டியிலிருந்து மாமா வந்திருந்தார். ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். வண்டிகள் நடைபாதையில் ஏறாமலிருக்க வரிசையாக நட்டிருக்கும் செம்பழுப்பு இரும்புக் கம்பங்களில் ஒன்றில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். அப்புறம் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, எதை எடுத்தாலும் மூணு பெருக்கல் போட்டு வச்சிருக்கான்? ஊரே கணக்குல புலியோ?"

நியாயமான சந்தேகம். கம்பத்தில் மூன்று பெருக்கல் குறி, நகராட்சி முத்திரையில் மூன்று பெருக்கல் குறி. கொடியிலும் அதுதான்: மேலும் கீழும் சிவப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளையாக மூன்று. நினைவுப் பொருள் கடைகளில் இதைப் பனியனில் அச்சடித்து, சிவப்பு விளக்குப் பகுதியோடு முடிச்சுப் போட்டு விற்கிறார்கள். மாமாவை அந்தக் கடைப் பக்கம் கூட்டிப் போகாமல் தப்பித்தேன்.

சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வேறு கதை. வெள்ளம், தீ, கொள்ளைநோய் என்று ஊரைப் பிடித்த மூன்று பீடைகளுக்கு மூன்று குறியாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1421லும் 1452லும் ஊர் பற்றி எரிந்தது உண்மை. ஆனால் நான் குடியிருக்கும் ஆம்ஸ்டல்வேனின் சின்னத்திலும் இதே குறிகள் உண்டு, பக்கத்து ஔடர்-ஆம்ஸ்டலிலும் உண்டு. மூன்று ஊருக்கும் சேர்த்தா பீடை பிடித்தது? 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில் செல்வாக்காக இருந்த பெர்சைன் குடும்பத்தின் கேடயத்திலிருந்து வந்திருக்கும் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்வது. குறி என்னவோ இயேசுவின் சீடர் புனித அந்திரேயாவின் சிலுவை. அவரை அறைந்த சிலுவை இப்படிச் சாய்வாக இருந்ததாம். அவரும் மீனவர், இந்த ஊரும் மீனவர் குப்பமாகத் தொடங்கியது. பொருத்தம் தானாக அமைந்துவிட்டது.

இதற்கும் முந்தைய முத்திரையில் சிலுவையே கிடையாது. ஒரு மரக்கலம், அதில் இரண்டு ஆட்கள், ஒரு நாய். எனக்கென்னவோ நாய் இருந்த முத்திரைதான் பிடிக்கும். இன்றைய நகரச் சின்னத்தில் கேடயத்துக்கு மேலே இருக்கும் கிரீடம் 1489இல் ஹாப்ஸ்பர்க் அரசர் மாக்சிமிலியன் கொடுத்தது. ஊர்க்காரர்கள் கடன் கொடுத்து உதவினார்கள், அவர் கிரீடத்தைப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார். வட்டிக்குப் பதில் கிரீடம்!

சரி, இதெல்லாம் சுவாரசியம், அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது கேடயத்துக்குக் கீழே ஒரு பட்டியில் எழுதியிருக்கும் மூன்று சொற்கள். ஹெல்ட்ஹாஃப்திக், ஃபாஸ்ட்பராடன், பார்ம்ஹார்திக். வீரம், உறுதி, இரக்கம் என்று சொல்லலாம். 1947இல் ராணி வில்ஹெல்மினா ஊருக்கு அளித்த பட்டம் இது.

காரணம் 1941 பிப்ரவரி. ஜெர்மானியர் பிடியில் ஊர். 22, 23 இரண்டு நாளும் யூதக் குடியிருப்பில் புகுந்து நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களை யோனாஸ் டேனியல் மெயர் திடலில் குந்தவைத்து, பிறகு வண்டியேற்றிக் கொண்டுபோனார்கள். அதை எதிர்த்து வேலைநிறுத்தம்: 25ஆம் தேதி காலை டிராம் ஓடவில்லை. கப்பல் கட்டும் தளங்கள் நின்றன, கடைகள் மூடின. மறுநாளே துப்பாக்கியால் அடக்கிவிட்டார்கள். அந்தத் திடலில் இன்று துறைமுகத் தொழிலாளி ஒருவரின் வெண்கலச் சிலை நிற்கிறது. கையில் ஆயுதம் கிடையாது, பெரிய உள்ளங்கைகள் வெறுமனே விரிந்திருக்கின்றன. மாமா முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், போராட்டம் தெரிந்தவர். "சம்பளத்துக்கு இல்லையா? பக்கத்து வீட்டுக்காரனுக்காகவா நின்னாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆமாம். அதனால் வீரம் என்ற சொல்லில் எனக்கு மறுப்பே இல்லை.

மூன்றாவது சொல்லில்தான் வழக்கு. 1942இலிருந்து இதே ஊரின் இதே டிராம்கள்தான் யூதர்களை ரயில் நிலையங்களுக்கு ஏற்றிப் போயின, சுமார் 48,000 பேரை. சும்மா இல்லை, ஜெர்மானியருக்குப் பில் போட்டு. 1944 ஆகஸ்ட் மாதத்துக்கு 80 கில்டர் (அன்றைய டச்சுப் பணம்) பாக்கி நின்றுபோக, போர் முடிந்த பிறகும் அதை வசூலிக்கப் பார்த்திருக்கிறார்கள். இது போதாதென்று, நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பித் திரும்பிய யூதர்களிடம் நகராட்சி நிலக் குத்தகை பாக்கி கேட்டது. அவர்கள் முகாமில் இருந்த காலத்துக்கான பாக்கி! தாமதமாகக் கட்டியதற்கு அபராதம் தனி. ராணி 'இரக்கம்' என்று எழுதிக் கொடுத்த காலத்தில் நகராட்சி அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்த வேலை இது. ஆவணக் காப்பகத்தில் பழைய கடிதங்களை ஒரு மாணவி தற்செயலாகப் பார்க்கப்போய் 2013இல்தான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. 2016இல் ஒரு கோடி யூரோ ஒதுக்கினார்கள். மேயர் ஃபெம்கே ஹல்செமா நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2025 ஏப்ரலில்.

அந்தச் சொல்லை அழித்துவிட வேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். எனக்கு உடன்பாடில்லை. அழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? அது அங்கேயே இருந்து ஊரின் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கட்டும். நான் கேட்பதெல்லாம், சுற்றுலாக் கையேட்டில் வெள்ளம், தீ, கொள்ளைநோய்க்குக் கொடுக்கிற நான்கு வரியில் இரண்டை இந்த 80 கில்டருக்குக் கொடுங்கள் என்பதுதான்.

இந்த ஊர் ஒரு அடையாளத்தைத் தூக்கவும் தெரிந்த ஊர்தான். 'ஐ ஆம்ஸ்டர்டாம்' என்று ஆளுயரத்துக்கும் மேலான சிவப்பு, வெள்ளை எழுத்துகள் அருங்காட்சியகத் திடலில் இருந்தன. படமெடுக்கும் கூட்டம் தாங்கவில்லை, 'நான் நான்' என்பது இந்த ஊருக்கு ஒத்துவராது என்று மாமன்றத்தில் பேசினார்கள், 2018 டிசம்பரில் லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு விளம்பர வாசகம், போனதில் எனக்கு வருத்தமில்லை.

மாமாவுக்குத்தான் வருத்தம். அந்த எழுத்துகளின் முன்னால் நிற்கத்தான் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். கடைசியில் அந்த இரும்புக் கம்பத்தைத் தோளோடு அணைத்து நின்று எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஐந்து நிமிடத்தில் அத்தையிடமிருந்து பதில்: "அது என்ன, டியூஷன் சென்டர் போர்டா?"