"டெரரிஸ்ட் அட்டாக்கும் கவர் ஆகும்" என்று சொல்லும் டூர்காரரிடம் கேட்க வேண்டியது

அறுவடை முடிந்து, மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குள் ஒரு டூர் போய்வந்துவிட வேண்டும் என்பது நம் டெல்டா வழக்கம். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் காசி, காஷ்மீர் என்று ஆள் சேர்க்கிறவர்கள் "இன்சூரன்ஸ் உண்டு, டெரரிஸ்ட் அட்டாக்கும் கவர் ஆகும்" என்கிறார்கள். பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பணம் போகிறது.

பல பாலிசிகளில் தீவிரவாதத் தாக்குதலுக்குப் பணம் வருவது காயம்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அல்லது உயிர் போனால். பயணமே ரத்தானால் என்ன என்பது வேறு பக்கத்தில், வேறு தலைப்பில் இருக்கும். அங்கே ஏற்கும் காரணங்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். தீவிரவாதம் அதில் இருந்தாலும், நீங்கள் போகவிருந்த அதே ஊரில், புறப்படுவதற்கு இத்தனை நாளுக்குள் நடந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வரும். "பயமா இருக்கு, போகல" என்பதற்குச் சாதாரண பாலிசியில் பைசா கிடைக்காது.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் ஸ்ரீநகர் டிக்கெட்டுகளுக்கு விமான நிறுவனங்கள் கேன்சல் கட்டணத்தை விட்டுக்கொடுத்தன. அது அவர்களாகத் தந்த சலுகை, இன்சூரன்ஸ் தந்தது இல்லை. ஓட்டலுக்கும் ஷிகாரா படகுக்கும் கட்டிய அட்வான்ஸ் அதில் சேராது. மே மாதம் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டதே, அது இன்னும் சிக்கல். அதற்குக் காரணம் இந்தியா-பாகிஸ்தான் ராணுவ மோதல். போரும் போர் போன்ற நடவடிக்கைகளும் ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் விலக்கு. தாக்குதலுக்குக் கவர் இருந்தாலும், அதற்குப் பதிலடியாக நடப்பதற்கு இருக்காது.

இன்னொன்று, தேதி. சம்பவம் செய்தியில் வந்த பிறகு எடுத்த பாலிசி அந்தச் சம்பவத்துக்குச் செல்லாது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு மறுநாள் கொழும்புப் பயணத்துக்கு பாலிசி எடுத்திருந்தால், ரத்துக்கான கிளெய்ம் நிற்காது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவர்களும் டிக்கெட் போட்ட அன்றே பாலிசியையும் எடுத்துவிடுங்கள். பிரீமியம் அதனால் பெரிதாக ஏறாது.

தகராறு அதிகம் வருவது ரத்து செய்யும் வரிசையில். பதற்றத்தில் நீங்கள் முந்திக்கொண்டு கேன்சல் செய்தால் அது உங்கள் விருப்ப ரத்து. விமானமோ டூர்காரரோ ரத்து செய்யும்வரை பொறுத்தால் முழுப் பணத்தையும் கேட்க வழி உண்டு. ரத்துக் கடிதம், கட்டிய ரசீது, திரும்பி வந்த தொகை எவ்வளவு என்ற விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். டூர்காரர் வாயால் சொன்னது கிளெய்மில் எடுபடாது. குரூப் பாலிசி என்றால் உங்கள் பெயர் போட்ட சான்றிதழைப் புறப்படும் முன்பே வாங்குங்கள். "ஆபீஸ்ல இருக்கு சார்" என்றால் பெரும்பாலும் இருக்காது.

ரயிலில் போகிறவர்களுக்கு 45 பைசா பாலிசி இருக்கிறது. ஐஆர்சிடிசி இணைய டிக்கெட்டுக்கு மட்டும்தான், கவுன்ட்டர் டிக்கெட்டுக்குக் கிடையாது. ரயிலுக்குள் நடக்கும் தீவிரவாதத் தாக்குதலும் அதில் அடங்கும்: மரணத்துக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிக்கு 2 லட்சம் வரை. ரயில் தாமதம், ரத்து எதற்கும் அதில் பணம் இல்லை. டிக் அடித்துவிட்டு, செல்போனுக்கு வரும் லிங்க்கில் நாமினி பெயரைப் போடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்.

என் கருத்து: காஷ்மீருக்கோ இலங்கைக்கோ பாலிசி கட்டாயம் எடுங்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்காக. ரத்துப் பணத்துக்கு அதை நம்பாமல், கேன்சல் வசதியுள்ள ஓட்டலாகப் பார்த்துப் போடுங்கள்.

கிளெய்மை மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். காரைக்கால்காரர்களுக்கும் சென்னை அலுவலகம்தான்.